நாலாவது பெயர்

"நாலு பேர் வந்திருக்கீங்க. மூணு பேர்தான் போறீங்க. இன்னொருத்தர் எங்கம்மா?"

வேலூரில் அகதிகள் சம்பந்தப்பட்ட கோப்புகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில், கிளார்க்கின் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தேன். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நான் அன்று கொடுத்த விண்ணப்பம். அப்பா, அம்மா, நான், மூவரும் இந்தியாவை விட்டு இலங்கைக்குத் திரும்ப வெளியேறும் அனுமதி கேட்டு எழுதியது. இன்னொன்று, முப்பது வருஷத்துக்கும் முன்னால் நாங்கள் படகில் வந்து மண்டபம் கரையில் இறங்கியபோது யாரோ அவசரமாக எழுதிய பதிவின் நகல். அதில் அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், நாலு வயது என்று போட்டு என் பெயர். அதற்குக் கீழே தம்பியின் பெயர்.

"தம்பி சின்ன வயசுலயே செத்துப்போய்ட்டான் சார். காய்ச்சல்ல."

"எங்க செத்தான்?"

"இங்கதான். முகாம்ல."

"அப்ப டெத் சர்டிபிகேட் இருக்கும்ல, கொண்டாங்க." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கைப்பையைத் திறக்காததைப் பார்த்துவிட்டு, "இல்லையா?" என்றார். "பேஜாருதான் அப்ப. உள்ள வந்த ஆளுக்குக் கணக்கு வேணும்மா. வெளிய போய்ட்டாரா, இருக்காரா, இல்லையா, எதுவா இருந்தாலும் ஒரு பேப்பர் வேணும்."

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் லைனில் எனக்குப் பதினெட்டு வருஷ வேலை. காகித வேலைக்காக அரை நாள் அரை நாளாக லீவு போட்டு, சென்னையில் தூதரகத்துக்கு அலைந்து, அப்பா அம்மாவின் பிறப்புப் பத்திரங்களை மன்னாரிலிருந்து வரவழைத்து, மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் வாங்கியிருந்தேன். ஒரு வருஷம் பிடித்தது. அம்மாவின் அண்ணன் அங்கிருந்து போனில் சொன்னதில் தொடங்கியது எல்லாம். அம்மாவின் காணியில் கண்ணிவெடி எடுத்து முடித்து, உரிமைக்காரர் நேரில் வந்து நின்றால் திருப்பிக் கொடுக்கிறார்களாம். அம்மா அன்றைக்கே, "நான் போறன். நீங்களும் வாறதெண்டா வாங்கோ" என்றாள். அப்பா "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கும் இங்கே விட்டுப்போக ஒன்றுமில்லை. லைனில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். என்னைப் பெண் கேட்டு வந்த உள்ளூர் வீட்டார் ஒருமுறை, "புள்ளைங்க பொறந்தா எந்த நாடுன்னு எழுதுவாங்க?" என்று கேட்டார்கள். காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்ப வரவில்லை.

அன்று சாயந்திரம் முகாமுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். அப்பா வாசலில் உட்கார்ந்து பெயின்ட் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்குப் பிறகும் பெயின்ட் அடிக்கப் போவார். நான் சொல்லி முடித்ததும் பிரஷ்ஷை அப்படியே டப்பாவில் விட்டுவிட்டு எழுந்து ரோட்டுப் பக்கமாக நடந்துபோனார்.

அம்மா கேட்டாள். "அவன்ட பேர் அதில இருக்கோ? நீ பாத்தனியோ?"

"பாத்தன்."

"வயசு எத்தினையெண்டு கிடக்கு?"

"ரெண்டு."

"ரெண்டரை" என்றாள் அம்மா.

தம்பியைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. காய்ச்சலில் செத்தான், ஆற்றோரம் புதைத்தோம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவன் முகம் நினைவில் இல்லை. போட்டோவும் இல்லை. முகாம் அட்டையில் அவன் பெயர் மேல் ஒரு கோடு இழுத்திருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஏன் அந்தக் கோடு என்று பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பிறப்பு இறப்புப் பதிவேடு பார்க்கும் இடத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மாள் பழைய பதிவேடுகளை எடுத்துப் போட்டு இரண்டு நாள் பொறுமையாகத் தேடினார். கிடைக்கவில்லை. 'பதிவு இல்லை' என்று ஒரு சான்று கொடுத்தார். ஒருவன் செத்தது எங்கேயும் எழுதப்படவில்லை என்பதற்கு முத்திரை போட்ட தாள். அதை வைத்து, இத்தனை வருஷம் கழித்து மரணத்தைப் பதிய ஆர்.டி.ஓ.விடம் உத்தரவு வாங்க வேண்டும். அதற்கு முதலில் வி.ஏ.ஓ. விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். பெற்றோர் வாக்குமூலம், புதைத்ததைப் பார்த்த ஒரு சாட்சி. சாட்சிக்கு ஆள் இருந்தார். முகாமில் எங்கள் வரிசையிலேயே இருக்கும் பெரியவர், அப்பாவோடு படகில் வந்தவர். கேட்டதும் சரி என்றார். ஆனால் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

வி.ஏ.ஓ. என்னைவிடப் பத்து வயதாவது சின்னப் பெண். அவரது அலுவலகம் ஒற்றை அறை. ஒரு மேஜை, ஒரு பீரோ, சுவரெல்லாம் கட்டுக்கட்டாகப் பதிவேடுகள். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டார். அப்பாவும் சாட்சிப் பெரியவரும் கதவோரம் நின்றார்கள். பையன் பெயர், பிறந்த இடம், செத்த மாதம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். அம்மா ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் சொன்னாள். தேதியைக்கூடச் சொன்னாள். அவளுக்குத் தேதி தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எதனால செத்தாம்மா? காய்ச்சல்னு உங்க பொண்ணு மனுவுல எழுதியிருக்காங்க."

"காய்ச்சல் இல்லை" என்றாள் அம்மா.

வி.ஏ.ஓ. நிமிர்ந்தார்.

"பரலில தண்ணி குடிச்சவன். இவர் கொண்டந்த பரல்."

"அம்மா இன்னா சொல்றாங்க அக்கா? பரல்னா?"

எங்கள் பேச்சு வெளி ஆட்களுக்கு விளங்காதபோது நான்தான் எடுத்துச் சொல்வேன். ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில், பேங்கில். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. "டிரம் மேடம். பிளாஸ்டிக் டிரம்மைத்தான் அம்மா அப்படிச் சொல்றாங்க. அப்பா கொண்டுவந்த டிரம்முல தண்ணி குடிச்சான்னு…" அங்கே நின்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

அம்மா நிறுத்தவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் பேனாவைப் பார்த்தபடியே சொன்னாள். வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. முகாமில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் பிடித்து வைக்க ஏனம் கிடையாது. அப்பா வாலாஜாபேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில் ஒளித்து ஒளித்துக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஏதோ கெமிக்கல் வந்த காலி டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார்.

"மூண்டு தரம் கழுவினனாங்கள். நானும் கழுவினனான். சாம்பல் போட்டுத் தேச்சனான். அடியில ஒட்டிக் கிடந்தது எங்களுக்குத் தெரியேல்லை. தண்ணி முடியிற நேரம் பரலைச் சரிச்சு வைச்சிருந்தது, பிள்ளை உள்ளுக்குக் கைய விட்டு அள்ளிக் குடிச்சிட்டான். வாயெல்லாம் வெந்துபோச்சுது. கத்தக்கூட ஏலாமக் கிடந்தவன். பின்னேரத்துக்குள்ள முடிஞ்சுது."

நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு எல்லாமே விளங்கியிருந்தது.

எங்கள் வீட்டில் எவர்சில்வர் குடம் தவிர வேறெதிலும் தண்ணீர் பிடிக்க மாட்டோம். முகாமே வரிசையாக டிரம் வைத்திருக்கும்போது அம்மா மட்டும் நாலு குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்கு நடையாய் நடப்பாள். எத்தனையோ தடவை நான் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவை தீபாவளி போனஸில் ஒரு டிரம் வாங்கி வந்தேன். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்வரை அவள் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு ஏதோ பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

வி.ஏ.ஓ. பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா அப்பவே யார்கிட்டயும் சொல்லல?"

கதவோரத்திலிருந்து சாட்சிப் பெரியவர்தான் பேசினார். "முன்னாள் பிரதமரைக் குண்டு வைச்சுக் கொன்ற வருசம் அது. எங்களைக் கண்டாலே எல்லாருக்கும் சந்தேகம் பிள்ளை. முகாமை விட்டு வேலைக்குப் போனதெண்டு தெரிஞ்சா ஆளைத் தனியாக் கொண்டுபோய் அடைச்சுப்போடுவாங்களெண்டு பயம். நானும் இவருமாத்தான் கொண்டுபோய் ஆத்தங்கரையில குழி தோண்டித் தாட்டனாங்கள்."

அந்தப் பெண் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் மெதுவாகப் பேசினார். "அக்கா, இத இப்படியே எழுதினேன்னா இது சாதாரண சாவு இல்ல. போலீஸுக்குப் போவும். எந்த கம்பெனி, யார் கொண்டாந்தது, ஏன் மறைச்சீங்கன்னு கேப்பாங்க. விசாரணை முடியாம உங்க அப்பாவுக்கு வெளிய போற பர்மிஷன் வராது. எத்தன வருஷம் ஆவும்னு என்னால சொல்ல முடியாது. நீங்க யோசிச்சு சொல்லுங்க. நான் நாளைக்குக்கூட எழுதிக்கிறேன்."

"எழுதுங்கோ" என்றார் அப்பா. அவர் உள்ளே வந்து மேஜை அருகில் நின்றார். "நான்தான் கொண்டந்தனான். அப்பிடியே எழுதுங்கோ."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காய்ச்சல் எண்டு எழுது பிள்ளை" என்றாள்.

அந்தப் பெண் எழுதினார். வாசித்துக் காட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டாள். அப்பா இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. முதலில் போட்டது கோட்டுக்கு வெளியே போய்விட்டது. நானும் ஓரிடத்தில் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டோம். அதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அம்மா முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அப்பா பின்னால் நின்றே வந்தார். காலி சீட் இருந்தது.

உத்தரவு வர நாலு மாதம் ஆனது. அதற்குள் நான் கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று அதை ஜெராக்ஸ் கடையில் நின்று படித்தேன். இறந்தவர் பெயர், ஆண், வயது, தகப்பனார் பெயர், தாயார் பெயர். தம்பியின் பெயர் சரியான எழுத்துகளில் இருந்தது. அவனுக்கென்று தனியாக இந்த நாட்டில் கொடுக்கப்பட்ட காகிதம் அது ஒன்றுதான்.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தக் கிளார்க்கிடம் போனேன். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு எங்கள் கோப்பை எடுத்தார். சான்றிதழைச் சேர்ப்பதற்காகப் பழைய தாள்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"உங்க அப்பா முன்னாடியே ஒரு தடவ அப்ளை பண்ணியிருக்காரேம்மா. நீங்க சொல்லவே இல்லயே."

"இல்ல சார். இதான் மொதல் தடவ."

அவர் கோப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்பாவின் கையெழுத்து. அங்கே சண்டை முடிந்த மறு வருஷம் எழுதியது. மனைவி மகளுடன் நாடு திரும்ப அனுமதி வேண்டும் என்று ஒரு தாள். விண்ணப்பத்தின் ஓரத்தில் வேறொரு கையெழுத்தில், 'நான்காவது நபர் குறித்து விளக்கம் கேட்கவும்' என்று ஒரு குறிப்பு. அடுத்த தாளில், 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு தாள்களுக்கும் நடுவே மூன்று வாரம்.

அந்த மூன்று வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சண்டை முடிந்துவிட்டது, இனி ஊருக்குப் போகலாம் என்று அம்மா தகரப்பெட்டியைக் கழுவிக் காயவைத்திருந்தாள். அப்பா ஒருநாள் வந்து, "இப்ப போகேலாது. அங்க நிலைமை இன்னும் சரியில்லை" என்றார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அம்மா கேட்பாள். வருஷா வருஷம் நிலைமை சரியில்லை. அங்கே நிலைமை சரியாகி, போனவர்கள் வீடு கட்டி, கிணறு வெட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தார்கள். அம்மாவின் அம்மா அங்கே செத்தாள். போனில் சாவு வீட்டுச் சத்தத்தைக் கேட்டபடி அம்மா இங்கே உட்கார்ந்திருந்தாள். என் இருபதுகளும் முப்பதுகளும் ஆம்பூர் லைனில் போயின.

முகாமுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு டீக்கடை உண்டு. அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"முந்தியும் எழுதிக் குடுத்தீங்களாப்பா? போறதுக்கு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோப்பில் அது இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை போலும். இல்லை, நினைத்து, இதற்காகவே காத்திருந்தாரோ தெரியாது.

"ஓம்."

"ஏன் எங்களுக்குச் சொல்லல?"

"நாலாவது ஆள் எங்க எண்டு கேட்டவங்கள். கொம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து எழுதிக் குடுக்கச் சொன்னவங்கள்." டீ ஆறிப்போயிருந்தது. அதைக் கையிலேயே வைத்திருந்தார். "அவள் அங்க வந்து என்ன சொல்லுவாளெண்டு எனக்குத் தெரியும். அதைக் கேக்கிற தெம்பு எனக்கு இல்லாமப் போச்சுது."

"பதினஞ்சு வருஷம்பா."

"ஓம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிப்போடாதை பிள்ளை." டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "சொல்லுறதெண்டா சொல்லு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த டம்ளரைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. கடைக்காரர் எனக்கும் டீ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எழுந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா குடத்தைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். "என்னவாம், வேலை முடிஞ்சுதோ?" என்றாள். முடிந்தது என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அம்மா தம்பியைப் புதைத்த இடத்துக்குப் போக வேண்டும் என்றாள். அப்பா வரவில்லை. சாட்சிப் பெரியவர் வழிகாட்ட, விரிஞ்சிபுரத்துக்குப் போகும் பாதையில் பாலாற்றங்கரைக்கு ஆட்டோவில் போனோம். ஒரு புங்கமரத்திலிருந்து ஆற்றுப் பக்கமாக இருபது காலடி என்று பெரியவர் நினைவு வைத்திருந்தார். புங்கமரம் இருந்தது. அதிலிருந்து ஏழெட்டுக் காலடி வைத்ததும் தரை முடிந்துவிட்டது. கீழே இரண்டு ஆள் ஆழத்துக்கு மணல் எடுத்த பள்ளம். அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் சீமைக்கருவேல முள். மணல் எப்போதோ லாரிகளில் போய்விட்டிருந்தது.

பெரியவர் மறுபடியும் மரத்தடிக்குப் போய் வேறு திசையில் காலடி எண்ணி நடந்து பார்த்தார். "இங்கினதான்… இங்கினதான்…" என்றபடி நடந்தார். அம்மா அவரை நிற்கச் சொன்னாள். கொண்டுவந்திருந்த பூவைப் பள்ளத்தில் போடவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து ஏறிவிட்டாள்.

கடைசி நாள் முகாம் அட்டையை ஒப்படைத்தோம். மூன்று பெயர்களுக்கும் கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தோம். சென்னை விமான நிலையத்தில் வெளியேறும் முத்திரை குத்துகிறவர், மூன்று பேரின் தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வேற யாரும் இல்லல்ல?" என்று கேட்டார். இல்லை என்றேன். அகதியாக வந்த எல்லாரிடமும் கேட்பதாகத்தான் இருக்கும்.

இப்போது மன்னாரில் அம்மாவின் காணியில் இரண்டு அறை எழுப்பி இருக்கிறோம். இங்கே என் பேச்சைக் கேட்டு, "இந்தியாவோ?" என்கிறார்கள். தையல் வேலை கொஞ்சம் கிடைக்கிறது. அப்பா அதிகம் வெளியே போவதில்லை. அம்மாவும் அவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு, தேவைக்கு மட்டும் பேசிக்கொள்கிறார்கள். வேலூரிலும் அப்படித்தானே இருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் பக்கத்துக் காணிக்காரி வந்து உட்கார்ந்து, "சண்டை முடிஞ்ச உடன எல்லாரும் வந்திட்டினம், நீங்கள் மட்டும் ஏன் இவ்வளவு பிந்தினீங்கள்?" என்று கேட்டாள்.

"கடதாசி வேலை முடியேல்லை" என்றாள் அம்மா. "அதுகள் லேசில முடியாது."

அப்பாவின் பழைய விண்ணப்பத்தைப் பற்றி நான் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அப்பா அடுத்த அறையில்தான் படுத்திருந்தார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். நான் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த துணியை நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன்.